ஹீட்டருக்கு எஸ்எஸ்ஆர் வாங்குவது எப்படி: மேலே அச்சடித்த ஆம்பியரை மட்டும் பார்த்து ஏமாறாமல் இருக்க ஒரு முழு வழிகாட்டி

கோவை கணபதியில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. வார்னிஷில் முக்கியெடுத்த ஸ்டேட்டர்களை (மோட்டாரின் சுற்றாத சுருள் பாகம்) 130 டிகிரியில் சுட்டெடுக்க அங்கே ஒரு சின்ன ஓவன் உண்டு. ஒரே ஒரு 3 கிலோவாட் ஹீட்டர், சிங்கிள் பேஸ். கான்டாக்டர்தான், அதாவது காயில் இழுத்து அடிக்கும் பெரிய சுவிட்ச்தான், அதை ஆன் ஆஃப் செய்துகொண்டிருந்தது. நாள் முழுக்க டப் டப் என்று அடித்து, வருடத்துக்கு ஒருமுறை பாயின்ட் தேய்ந்து ஒட்டிக்கொள்ளும். "சத்தமில்லாம எதாச்சும் பண்ணுங்க தம்பி" என்றார் பட்டறைக்காரர். நானும் கடைக்குப் போய், சத்தமில்லாமல் ஆன் ஆஃப் செய்யும் எலக்ட்ரானிக் ரிலேயான எஸ்எஸ்ஆர், 25 ஆம்பியரில் ஒன்றை வாங்கிவந்து, பேனல் உள்ளே இருந்த இரும்புத் தகட்டில் இரண்டு திருகு போட்டு மாட்டினேன். ஹீட்டர் இழுப்பது 13 ஆம்பியர், எஸ்எஸ்ஆர் 25 ஆம்பியர், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருக்கிறதே என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் காலையில் ஃபோன். போய்ப் பார்த்தால் டெம்பரேச்சர் கன்ட்ரோலரில் 214 டிகிரி. அவுட்புட் விளக்கு அணைந்திருக்கிறது, எஸ்எஸ்ஆரின் சிவப்பு விளக்கும் அணைந்திருக்கிறது, ஆனால் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கிறது. உள்ளே நான்கு ஸ்டேட்டர்கள் கரிக்கட்டை. தவறு முழுக்க என்னுடையது. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான், அதே ஓவனை உதாரணமாக வைத்து இங்கே எழுதுகிறேன். உங்கள் ஹீட்டர் வேறு அளவாக இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், வழி இதேதான்.

முதலில் இரண்டு நிமிடம்: உள்ளே என்ன இருக்கிறது

எஸ்எஸ்ஆர் என்கிற சாலிட் ஸ்டேட் ரிலேயில் அசையும் பாகம் எதுவும் கிடையாது. கன்ட்ரோல் பக்கம் ஒரு குட்டி எல்இடி. அது எரிந்தால் அந்த ஒளியை உணர்ந்து மறுபக்கம் ஒரு ட்ரையாக், அல்லது எதிரெதிராக வைத்த இரண்டு எஸ்சிஆர் (இரண்டும் தைரிஸ்டர் எனும் சிலிக்கான் சுவிட்ச் வகை), கரன்டை விடும். சத்தம் இல்லை, பொறி இல்லை, தேய்மானமும் இல்லை. இந்தச் சுகத்துக்கு மூன்று விலை கொடுக்க வேண்டும்.

ஒன்று, கான்டாக்டரின் பாயின்ட் போல இது முழுசாக ஒட்டாது. ஆன் ஆகியிருக்கும்போதும் அதன் குறுக்கே 1 முதல் 1.6 வோல்ட் வரை நிற்கும். அந்த வோல்ட்டும் ஓடும் ஆம்பியரும் சேர்ந்தால் சூடு. ஒரு ஆம்பியருக்கு சுமார் 1.2 வாட் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு, ஆஃபில் இருக்கும்போதும் சில மில்லி ஆம்பியர் கசியும். மூன்று, இது செத்தால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். அதாவது ஆன் நிலையிலேயே உயிரை விடும். என் நான்கு ஸ்டேட்டர்களை எரித்தது இந்த மூன்றாவது குணம், அதைத் தொடங்கிவைத்தது முதல் குணம்.

படி 1: ஹீட்டரை அளந்து பாருங்கள்

பெயர்ப்பலகையில் 3000 வாட், 230 வோல்ட் என்றிருக்கும். வகுத்தால் 13 ஆம்பியர். இந்த எண்ணை வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள்.

மெயினை ஆஃப் செய்து, ஹீட்டரின் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். அதற்கு முன் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு என்ன காட்டுகிறது என்று பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். மலிவு மீட்டரில் அதுவே 0.3, 0.4 ஓம் காட்டும். 3000 வாட் எலிமென்டுக்கு 17.6 ஓம் வர வேண்டும். எனக்கு 17 வந்தது. எலிமென்ட் தயாரிப்பில் நான்கைந்து சதவீதம் கூடுதல் வாட் வருவது சகஜம்தான்.

அடுத்தது லைன் வோல்டேஜ். நம் ஊரில் பெயருக்கு 230. ஆனால் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்துத் தெரு என்றால் இரவில் 250ஐத் தாண்டும். நான் எப்போதும் 10 சதவீதம் கூட்டி 253 என்றே எடுத்துக்கொள்கிறேன். 253 ÷ 17 = 14.9. சரி, 15 ஆம்பியர் என்று வையுங்கள். வோல்டேஜ் பத்து சதவீதம் ஏறினால் வாட் 21 சதவீதம் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். 3 கிலோவாட் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஹீட்டர் இரவில் மூன்றே முக்கால் கிலோவாட் எடுக்கும்.

ஓம் பார்த்த கையோடு எர்த்துக்கும் பாருங்கள். 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) இருந்தால் நல்லது. ட்யூப் ஹீட்டரின் உள்ளே இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை உறிஞ்சும், மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்த ஓவனில் கட்டாயம் உறிஞ்சியிருக்கும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஹீட்டரைக் கழற்றி வெயிலிலோ வேறொரு ஓவனிலோ உலர்த்திவிட்டு மறுபடி பாருங்கள். கசியும் எலிமென்ட் பாடியில் ஷார்ட் ஆனால், புதிதாக மாட்டிய எஸ்எஸ்ஆர் முதல் நாளே போய்விடும். பழியை எஸ்எஸ்ஆர் மேல் போடுவோம்.

படி 2: ஹீட்டர் என்ன ஜாதி

நிக்ரோம் கம்பி உள்ள ட்யூப், ஃபின், பேண்ட், கார்ட்ரிட்ஜ் ஹீட்டர்கள் எல்லாம் சாது. குளிரில் இருந்தாலும் சூட்டில் இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே ஓம். இவற்றுக்கு ஜீரோ கிராஸிங் வகை எஸ்எஸ்ஆர் போதும். ஏசி அலை பூஜ்ஜியத்தைத் தொடும் நேரத்தில்தான் அது ஆன் ஆகும், அதனால் லைனில் அதிர்ச்சியும் ரேடியோ இரைச்சலும் குறைவு. கடையில் வேறெதுவும் சொல்லாமல் கேட்டால் கையில் கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான்.

ஹாலஜன் இன்ஃப்ராரெட் விளக்குகள் வேறு கதை. டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் ஓம் மிகக் குறைவு, ஆன் ஆகும் நொடியில் பத்து மடங்குக்கும் மேல் கரன்ட் பாயும். அதற்கு எஸ்எஸ்ஆரை இன்னும் ஒரு படி பெரிதாக எடுங்கள், டேட்டா ஷீட்டில் சர்ஜ் கரன்ட்டையும் பாருங்கள். ஹீட்டருக்கு முன்னால் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் ஜீரோ கிராஸிங் வேண்டாம், பூஜ்ஜியத்துக்குக் காத்திருக்காமல் உடனே ஆன் ஆகும் ரேண்டம் வகை கேளுங்கள். உயர்வெப்பச் சூளைகளில் வரும் சிலிக்கான் கார்பைடு ராடு வயதாக ஆக ஓம் ஏறிக்கொண்டே போகும். மாலிப்டினம் டைசிலிசைடு குளிரில் ஏறக்குறைய ஷார்ட் மாதிரி இருக்கும். அந்த இரண்டுக்கும் சாதா ஆன் ஆஃப் எஸ்எஸ்ஆரைக் கொண்டுபோய் மாட்டாதீர்கள், அவற்றுக்குத் தைரிஸ்டர் பவர் கன்ட்ரோலர் என்று தனியாக இருக்கிறது.

24 வோல்ட் டிசி ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஏசி எஸ்எஸ்ஆரை டிசியில் போட்டால் ஒருமுறை ஆன் ஆகும், அவ்வளவுதான், பிறகு ஆஃப் ஆகவே ஆகாது. உள்ளே இருக்கும் தைரிஸ்டர் கரன்ட் பூஜ்ஜியத்துக்கு வந்தால்தான் பிடியை விடும், டிசியில் அது வருவதே இல்லை. டிசிக்கு மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் உள்ள டிடி வகை (கன்ட்ரோலும் டிசி, லோடும் டிசி) வாங்க வேண்டும்.

படி 3: ஆம்பியர்

பாக்கெட்டின் மேல் 25 என்று அச்சடித்திருப்பது, சரியான ஹீட்சிங்க் (சூட்டைக் காற்றுக்கு விடும் அலுமினியத் தகடுக் கட்டை) மேல் உட்கார்ந்து, சுற்றுக்காற்றும் டேட்டா ஷீட் சொல்லும் அளவுக்குள் குளிர்ச்சியாக இருந்தால் அது தாங்கும் உச்சம். ஹீட்சிங்க் இல்லாமல் வெறுமனே மாட்டினால் அதே 25 ஆம்பியர் எஸ்எஸ்ஆர் தாங்குவது நான்கைந்து ஆம்பியர்தான். நல்ல கம்பெனி டேட்டா ஷீட்டில் இதற்கென்று ஒரு வரைபடமே இருக்கும். கீழே சுற்றுச்சூட்டு டிகிரி, பக்கவாட்டில் ஆம்பியர், ஒவ்வொரு ஹீட்சிங்குக்கும் சரிந்து இறங்கும் ஒரு கோடு. கடைசியில், எல்லாவற்றுக்கும் கீழே, 'ஹீட்சிங்க் இல்லாமல்' என்று ஒரு கோடு தரையோடு தரையாகக் கிடக்கும். நான் அன்றைக்கு அந்தக் கோட்டில்தான் 13 ஆம்பியரை ஏற்றியிருந்தேன்.

அந்த வரைபடம் கையில் கிடைத்தால் அதைப் பாருங்கள். கிடைக்காவிட்டால், அளந்த கரன்ட் எஸ்எஸ்ஆரின் எண்ணில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். 15 ஆம்பியருக்கு 25 சரியாக விளிம்பில் நிற்கிறது. நான் 40 எடுத்தேன். விலை வித்தியாசம் கொஞ்சம்தான், எரிந்த ஸ்டேட்டர் ஒன்றின் செம்புக் கம்பி விலைகூட ஆகாது.

பெரிய எஸ்எஸ்ஆர் எடுத்தால் சூடு குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். குறையும், ஆனால் கொஞ்சம்தான். 40 ஆம்பியர் எஸ்எஸ்ஆர் வழியாக 15 ஆம்பியர் போனாலும் 16, 18 வாட் வெளியே வரத்தான் செய்யும். உண்மையான லாபம், பெரிய சிப்பிலிருந்து அடித்தகட்டுக்குச் சூடு எளிதாக இறங்கும் என்பதும், ஷார்ட் ஆகும் நொடியில் தாங்குசக்தி அதிகம் என்பதும். ஹீட்சிங்க் வாங்காமல் தப்பிக்க 80 ஆம்பியர் எஸ்எஸ்ஆர் வாங்குவது வீண்.

டேட்டா ஷீட்டில் ஏசி-51 என்று ஒரு வரி இருந்தால் அந்த எண்தான் உங்களுடையது, அது ஹீட்டர் மாதிரி லோடுக்கான அளவு. ஏசி-53 மோட்டாருக்கானது, மிகச் சிறியதாக இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

6 கிலோவாட் ஹீட்டருக்கு இரண்டு 25 ஆம்பியர் எஸ்எஸ்ஆரை இணையாகப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே எலிமென்டுக்குப் போடாதீர்கள். இரண்டும் கரன்டைச் சமமாகப் பங்கு போடாது, முதலில் ஆன் ஆனது மொத்தச் சுமையையும் தூக்கும். எலிமென்டையே இரண்டு 3 கிலோவாட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எஸ்எஸ்ஆர், கன்ட்ரோல் ஒயர் மட்டும் இரண்டுக்கும் பொது. அதுதான் முறை.

படி 4: வோல்டேஜ்

230 என்பது சராசரிக் கணக்கு. அலையின் உச்சி 325 வோல்ட், 253 வந்தால் 358. இதோடு இடி, பக்கத்துப் பட்டறை வெல்டிங், மோட்டார் ஆஃப் ஆகும்போது வரும் குத்து எல்லாம் சேரும். '24 முதல் 380 வோல்ட் ஏசி' என்று எழுதியிருக்கும் எஸ்எஸ்ஆரின் உள்ளே உள்ள சிப் 600 அல்லது 800 வோல்ட் தாங்கும். '480' அல்லது '530' என்றிருப்பது பொதுவாக 1200.

வோல்டேஜ் குத்தை அடக்கும் எம்ஓவி என்ற சின்னப் பாகத்தைப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். 275 வோல்ட் எம்ஓவி 275 வோல்ட்டில் வெட்டிவிடாது. பெரிய குத்து வரும்போது அதன் குறுக்கே 700 வோல்ட் வரை ஏறித்தான் அடக்கும். 600 தாங்கும் சிப்புக்கு அது முழுக் காவல் இல்லை. ஆகவே சிங்கிள் பேஸாக இருந்தாலும் 1200 வோல்ட் சிப் உள்ளதையே எடுத்து, அவுட்புட் குறுக்கே எம்ஓவியும் போடுவது என் பழக்கம். தெருவில் நியூட்ரல் அறுந்து வீட்டுக்குள் 300, 350 வந்து டிவி எல்லாம் போன கதைகள் நமக்குப் புதிதா என்ன.

த்ரீ பேஸில், ஹீட்டர் டெல்டாவில் இருந்தால் 400 வோல்ட் நேரடியாக விழும். அங்கே 380 என்று எழுதியதைக் கையில் எடுக்கவே கூடாது. 9 கிலோவாட் என்றால் லைனுக்கு 13 ஆம்பியர் வரும்: 9000 ÷ (1.732 × 400). டெல்டாவுக்கும், நியூட்ரல் இழுக்காத ஸ்டாருக்கும், மூன்று லைனில் இரண்டை மட்டும் எஸ்எஸ்ஆர் வழியாக விட்டால் ஹீட்டர் அணையும். செலவு மிச்சம்தான். ஆனால் மூன்றாவது லைன் எப்போதும் ஹீட்டரில் நிற்கும் என்று பேனல் கதவில் எழுதி ஒட்டுங்கள். நியூட்ரல் இழுத்த ஸ்டார் என்றால் மூன்று எஸ்எஸ்ஆர் வேண்டும்.

படி 5: கன்ட்ரோல் பக்கம்

இதில் பெரிய விஷயம் இல்லை, ஆனால் தப்பு வாங்கிவந்து திரும்பக் கடைக்கு நடப்பவர்கள் அதிகம். டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வாங்கும்போது 'எஸ்எஸ்ஆர் அவுட்புட்' உள்ளதா என்று கேளுங்கள். அது பெரும்பாலும் 12 வோல்ட் டிசி விட்டுவிட்டுக் கொடுக்கும். அதற்கு 3 முதல் 32 வோல்ட் டிசி இன்புட் உள்ள டிஏ வகை (கன்ட்ரோல் டிசி, லோடு ஏசி). கன்ட்ரோலர் ரிலே அவுட்புட் மட்டும் கொடுத்தால் எஸ்எஸ்ஆர் போட்டும் பாதி பயன்தான், அந்த ரிலே தேய்ந்துவிடும். பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தால் ஆன் ஆகாது.

ஈஎஸ்பி32 மாதிரி 3.3 வோல்ட் போர்டு வைத்துச் செய்பவர்களுக்கு: எஸ்எஸ்ஆரில் '3 முதல்' என்று எழுதியிருந்தாலும் 3.3 விளிம்பில்தான் வேலை செய்யும், பேனல் சூடானதும் மக்கர் செய்யும். ஒரு சின்ன டிரான்சிஸ்டர் போட்டு 5 அல்லது 12 வோல்ட்டில் ஓட்டிவிடுங்கள்.

கன்ட்ரோலரில் சைக்கிள் டைம் என்று ஒன்று இருக்கும், ஒரு ஆன் ஆஃப் சுற்றுக்கான நேரம். ரிலேவுக்கான 20 நொடியை அப்படியே விட்டுவிடாதீர்கள். 20 நொடிக்கு ஒருமுறை சிப் சூடாகிக் குளிர்ந்து சூடாகிக் குளிர்ந்து உள்ளே இருக்கும் ஈயப்பற்று களைத்துப்போகும். 2 நொடி வையுங்கள்.

படி 6: ஹீட்சிங்க்

எஸ்எஸ்ஆர் தேர்வு என்பதே முக்கால்வாசி இதுதான் என்பேன். கணக்கு பயமுறுத்தும், ஆனால் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

15 ஆம்பியர் × 1.2 = 18 வாட். சால்டரிங் அயர்ன் ஒன்றை மூடிய பெட்டிக்குள் நாள் முழுக்க ஆனில் வைத்த மாதிரி என்று நினைத்துப்பாருங்கள்.

இந்தச் சூடு சிப்பிலிருந்து காற்றுக்குப் போக மூன்று கதவுகளைத் தாண்ட வேண்டும். சிப்பிலிருந்து எஸ்எஸ்ஆரின் அடித்தகடு, அடித்தகட்டிலிருந்து ஹீட்சிங்க், ஹீட்சிங்கிலிருந்து காற்று. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு எண் உண்டு: ஒரு வாட் போனால் எத்தனை டிகிரி ஏறும் என்பது. முதல் எண் டேட்டா ஷீட்டில் இருக்கும். நான் எடுத்ததற்கு 0.8. இரண்டாவது, இடையில் சூடு கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஒழுங்காகத் தடவினால் 0.1. மூன்றாவதுதான் நாம் கண்டுபிடிக்க வேண்டியது.

சிப் 125 டிகிரி வரை தாங்கும் என்பார்கள். நான் 100க்கு மேல் விடமாட்டேன். பேனல் உள்ளே காற்று எவ்வளவு? அறைச்சூட்டை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏப்ரல் மாதம், பக்கத்தில் ஓவன், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. 50 என்று வையுங்கள். ஆக ஏற அனுமதி 50 டிகிரி. 50 ÷ 18 = 2.8. இதில் 0.8, 0.1 இரண்டையும் கழித்தால் 1.9 மிச்சம். வாட்டுக்கு 1.9 டிகிரி, அல்லது அதைவிடக் குறைந்த எண் உள்ள ஹீட்சிங்க் வேண்டும். இந்த எண் குறையக் குறைய ஹீட்சிங்க் பெரிதாகும். நான் 1.2 எடுத்தேன். அப்படியானால் சிப் 50 + 18 × 2.1, அதாவது 88 டிகிரியில் நிற்கும்.

அன்றைக்கு நான் செய்ததையும் இதே கணக்கில் போட்டுப் பார்க்கலாம். காற்றில் தனியாக நிற்கும் எஸ்எஸ்ஆருக்கு வாட்டுக்குப் பத்து டிகிரி அளவில் ஏறும். பெயின்ட் அடித்த இரும்புத் தகடு அதைக் கொஞ்சம் குறைத்திருக்கும், ஆறு என்றே தாராளமாக வைப்போம். 18 × 6 = 108. அதோடு பேனல் காற்று 50. ஆக 158 டிகிரி. மூன்று வாரம் தாங்கியதே பெரிசு.

நம் ஊர்க் கடைகளில் ஹீட்சிங்கை எண் சொல்லி விற்பதில்லை. 'எஸ்எஸ்ஆர் சிங்க்' என்று கேட்டால் ஒன்றை எடுத்துப்போடுவார்கள். அப்படி வாங்கினால் மாட்டிவிட்டு நீங்களே எண்ணைக் கண்டுபிடிக்கலாம். ஓவன் கதவைத் திறந்துவைத்தோ செட் பாயின்ட்டை ஏற்றியோ ஹீட்டரை ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓடவிடுங்கள், பக்கத்திலேயே நின்றுகொண்டு. பிறகு எஸ்எஸ்ஆரை ஒட்டி ஹீட்சிங்கின் மேல் ஒரு தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் ஒயர் சென்சார்), பேனல் காற்றில் ஒரு தெர்மோகப்பிள். எனக்கு 72, 48 வந்தது. வித்தியாசம் 24, அதை 18ஆல் வகுத்தால் 1.3. சொன்ன 1.2க்குப் பக்கத்தில்தான். ஹீட்சிங்க் 80ஐத் தாண்டினால் பெரியது மாற்றுங்கள், அல்லது ஒரு ஃபேன் வையுங்கள். பளபளப்பான அலுமினியத்தின் மேல் இன்ஃப்ராரெட் துப்பாக்கியைக் காட்டி அளக்காதீர்கள், அது குறைத்துச் சொல்லும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் காட்டுங்கள்.

மாட்டும்போது பார்க்க வேண்டியவை. ஹீட்சிங்கின் தகடுகள் மேலும் கீழுமாகச் செங்குத்தாக நிற்க வேண்டும், சூடான காற்று ஏற வழி வேண்டும். படுக்க வைத்தால் பாதி பலன் போய்விடும். பேஸ்ட்டைத் தோசைக்கு எண்ணெய் விடுவது போல விடாதீர்கள். மெல்லிய படலம் போதும், உலோகத்தின் நிறம் லேசாகத் தெரிய வேண்டும். மாட்டி, திருகி, மறுபடி கழற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் பேஸ்ட் சீராகப் பரவியிருந்தால் சரி. நடுவில் வெள்ளைத் திட்டாக நின்றால் ஹீட்சிங்க் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். துளை போட்ட இடத்தில் பிசிறு இருந்தாலும் இதே கதைதான், அரத்தால் தேய்த்துவிடுங்கள். ஓவனின் பக்கச் சுவரில் பேனலை மாட்டாதீர்கள்.

படி 7: ஃபியூஸ்

எம்சிபி போட்டால் எஸ்எஸ்ஆர் தப்பிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. எம்சிபி காப்பாற்றுவது ஒயரை. ஹீட்டர் ஷார்ட் ஆனால் 20 ஆம்பியர் எம்சிபி ட்ரிப் ஆவதற்குள் சிப் உருகி முடிந்திருக்கும். டேட்டா ஷீட்டில் 'ஐ ஸ்கொயர் டி' என்று ஒரு எண் இருக்கும், கரன்டின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கியது, சிப் எவ்வளவு ஷார்ட் தாங்கும் என்பதன் அளவு. 25 ஆம்பியர் எஸ்எஸ்ஆருக்குச் சுமார் 300, 40க்கு 800 என்ற அளவில் வரும். நேர் ஷார்ட்டில் எம்சிபி உள்ளே விடுவது ஆயிரக்கணக்கில். இதைத் தடுக்க செமிகண்டக்டர் ஃபியூஸ் வேண்டும், அதன் எண் எஸ்எஸ்ஆரின் எண்ணைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

என் கருத்து? இருநூறு முந்நூறு ரூபாய் எஸ்எஸ்ஆருக்கு அதைவிட விலை கூடிய ஃபியூஸ் போடச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. ஒரு ஸ்பேர் எஸ்எஸ்ஆர் வாங்கி பேனலுக்குள் வைத்துவிடச் சொல்வேன். ஆனால் பெரிய பேனல், மூன்று எஸ்எஸ்ஆர், நடுராத்திரி ஷிஃப்ட் என்றால் ஃபியூஸ் போட்டே ஆக வேண்டும். எம்சிபி இரண்டிலும் கட்டாயம். இந்த ஓவனுக்கு 20 ஆம்பியர் எம்சிபி, 4 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், ஹீட்டர் பக்கத்தில் மட்டும் ஃபைபர்கிளாஸ் உறை போட்டது.

படி 8: ஆனிலேயே செத்தால் யார் அணைப்பது

எவ்வளவு நல்ல எஸ்எஸ்ஆராக இருந்தாலும் ஒருநாள் ஷார்ட் ஆகும் என்று வைத்துக்கொண்டே பேனலைக் கட்டுங்கள். எஸ்எஸ்ஆருக்கு முன்னால் ஒரு கான்டாக்டர். அதன் காயிலை ஒரு தனி லிமிட் தெர்மோஸ்டாட் வழியாக விடுங்கள். 130ல் ஓடும் ஓவனுக்கு லிமிட் 155. அதைத் தாண்டினால் கான்டாக்டர் விழ வேண்டும், யாராவது வந்து ரீசெட் பட்டனை அழுத்தும்வரை எழக் கூடாது.

அந்த லிமிட்டுக்குத் தனி சென்சார் வேண்டும். ஒரே தெர்மோகப்பிளை இரண்டுக்கும் பகிர்ந்தால், அது துளையிலிருந்து நழுவி வெளியே தொங்கும் நாளில் இரண்டுமே 'இன்னும் சூடாகவில்லை' என்று நம்பிவிடும். கேப்பிலரி தெர்மோஸ்டாட் சில நூறு ரூபாய்தான், கரன்ட் இல்லாமலே வேலை செய்யும், எனக்குப் பிடித்தது அதுதான். கான்டாக்டர் வாங்கும்போது ஏசி-1 எண்ணைப் பாருங்கள், அது ஹீட்டர் மாதிரி லோடுக்கானது. ஏசி-3 மோட்டாருக்கானது. 9 ஆம்பியர் கான்டாக்டர் என்று விற்பது ஏசி-1ல் 20க்கு மேல் இருக்கும். தினம் இரண்டு முறை மட்டுமே அடிக்கும் என்பதால் பாயின்ட் பல வருடம் வரும்.

இந்தக் கான்டாக்டருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, அது விழுந்தால் எஸ்எஸ்ஆரின் கசிவும் நின்றுவிடும். எஸ்எஸ்ஆர் ஆஃபில் இருந்தாலும் கசிவு இருக்கும் என்றேன் அல்லவா. எஸ்எஸ்ஆர் விளக்கு அணைந்திருக்கிறது என்று நம்பி ஹீட்டர் முனையில் கை வைத்தால் அடிக்கும். கான்டாக்டர் விழுந்திருந்தாலும் எம்சிபியை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

படி 9: கடையில்

சந்தையில் போலி நிறைய. அமெரிக்கப் பாதுகாப்புச் சான்றான யுஎல் முத்திரையையே போலியாக அச்சடித்து வந்த எஸ்எஸ்ஆர்களைப் பற்றி யுஎல் நிறுவனமே பொது எச்சரிக்கை விட்டிருக்கிறது. செத்துப்போன ஒரு '40 ஆம்பியர்' எஸ்எஸ்ஆரை உளி வைத்து உடைத்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது 16 ஆம்பியர் ட்ரையாக். அடித்தகடு தகர டப்பா மூடி கனம்.

கையில் எடுத்து எடை பாருங்கள், பழகிய கைக்குத் தெரியும். ஒரே பிராண்டில் 25ம் 40ம் இரண்டும் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். அச்சைத் தவிர எல்லாமே ஒன்றாக, எடையும் ஒன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்த மாடல் எண்ணுக்கு டேட்டா ஷீட் இணையத்தில் கிடைக்கிறதா, அதில் சூட்டு வரைபடமும் ஐ ஸ்கொயர் டியும் இருக்கிறதா என்று ஃபோனிலேயே பார்த்துவிடலாம். வெறும் இரண்டு வரி விவரம்தான் இருக்கிறது என்றால் நான் அதன் ஆம்பியரை மூன்றால் வகுத்துக்கொள்வேன். ஹீட்சிங்கோடு சேர்ந்தே டின் ரெயிலில் மாட்டும்படி வரும் வகைகளும் உண்டு. விலை கூடுதல், ஆனால் எழுதியிருக்கும் ஆம்பியர் அந்த ஹீட்சிங்கையும் சேர்த்துச் சொன்னது. கணக்குப் போடப் பிடிக்காதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம்.

படி 10: மாட்டி, சோதித்து

1, 2 முனைகள் ஏசி பக்கம், 3 பிளஸ், 4 மைனஸ். பேஸ் ஒயரைத்தான் எஸ்எஸ்ஆர் வழியாக விட வேண்டும், நியூட்ரலை அல்ல. ஒயர் முனையில் லக்ஸ் வைத்து கிரிம்ப் செய்யுங்கள், பிரிந்த இழையை அப்படியே சுற்றித் திருகாதீர்கள். முனை லூசாக இருந்தால் சூடு அங்கே பிறந்து உள்ளே போகும், ஹீட்சிங்க் என்ன செய்யும்? ஒரு வாரம் ஓடிய பிறகு ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.

எஸ்எஸ்ஆரைச் சோதிக்க மீட்டர் மட்டும் போதாது. ஷார்ட் ஆகிவிட்டதா என்று மட்டும் சொல்லும்: லைன் இல்லாமல் 1, 2க்கு நடுவே சில ஓம் காட்டினால் செத்தது. நன்றாக இருக்கிறதா என்று பார்க்க லோடு வேண்டும். லோடு இல்லாமல் ஆஃப் நிலையில் வோல்டேஜ் பார்த்தால் கசிவிலேயே மீட்டர் முழு 230 காட்டி உங்களைக் குழப்பும். 100 வாட் குண்டு பல்பு ஒன்றை ஹீட்டருக்குப் பதில் மாட்டுங்கள். எல்இடி பல்பு வேண்டாம், கசிவிலேயே அது மினுக்கும்.

பல்பு ஒழுங்காக எரிந்து அணைந்தால் ஹீட்டரை மாட்டி, கிளாம்ப் மீட்டரில் கரன்ட் பாருங்கள். அப்புறம் மேலே சொன்ன ஒரு மணி நேர ஓட்டம். கடைசியாக லிமிட் சோதனை. ஓவன் 130ல் நிற்கும்போது லிமிட் தெர்மோஸ்டாட்டின் குமிழை மெல்ல 155லிருந்து கீழே திருப்பிக்கொண்டே வாருங்கள். 130ஐ நெருங்கும்போது கான்டாக்டர் டப் என்று விழ வேண்டும். அந்தப் பட்டறையில் அந்தச் சத்தம் கேட்டதும் பட்டறைக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "மறுபடியும் சத்தமா தம்பி?" என்றார். இது ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீங்களே வேண்டுமென்று போட வேண்டிய சத்தம் என்று சொல்லி, குமிழை மறுபடி 155ல் வைத்து, மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தேன்.